கடைத்தேங்காய் சமாதானம்

இங்கிலாந்தில் ஓர் அரசியல்வாதியை மானம் போகத் திட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை. லேசாகச் சிரித்துக்கொண்டே 'பீஸ் இன் அவர் டைம்' என்று சொன்னால் போதும். நம் காலத்தில் சமாதானம்! காலண்டரில் அச்சடித்துக் கூடத்தில் மாட்டலாம் போல எவ்வளவு சாத்விகமாக இருக்கிறது? ஆனால் கேட்டவருக்குக் காது மடல் சிவந்துவிடும். 'ரவுடியிடம் போய்க் கையெழுத்து வாங்கி வந்து, ஊரை நிம்மதியாகத் தூங்கச் சொன்ன ஏமாளி' என்று அர்த்தம். சமாதானத்தையே வசவாக்கிவிட்டுப் போவதென்றால் சாதாரண ஆளால் முடியுமா? பிரதமர் நெவில் சேம்பர்லினால் முடிந்தது.

இதில் இன்னொரு கொடுமை, அந்த மனுஷன் அப்படிச் சொல்லவே இல்லை. 1938 செப்டம்பர் 30 அன்று அவர் சொன்னது 'பீஸ் ஃபார் அவர் டைம்'. இங்கிலாந்துத் திருச்சபையின் பிரார்த்தனைப் புத்தகத்தில் 'இன்' போட்ட வாசகம் ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டுப் பழகிய ஜனங்கள் பிரதமர் சொன்னதையும் அதே ராகத்தில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். எண்பது சொச்ச வருஷமாக ஒருவரை ஒரே வாக்கியத்துக்காகத் திட்டுகிறோம். அதைச் சரியாகச் சொல்லியாவது திட்டக்கூடாதோ?

சரி, யார் இந்த சேம்பர்லின்? பர்மிங்ஹாம்காரர். அப்பா ஜோசப் பெரிய அரசியல் புள்ளி. ஒற்றைக் கண்ணாடி, கோட்டில் ஆர்க்கிட் பூ என்று வலம் வந்த ஸ்டைல் மன்னர். பிரதமர் நாற்காலி வரைக்கும் போய் உட்காராமலே திரும்பியவர். அப்பாவின் முதல் தாரத்துப் பிள்ளை ஆஸ்டினுக்கும் ஒற்றைக் கண்ணாடி உண்டு. அவர் வெளியுறவு மந்திரியாகி, அமைதிக்கான நோபல் பரிசையே தட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் அரசியலுக்கென்று நேர்ந்துவிடப்பட்ட பிள்ளை அவர்தான். நெவிலுக்குச் சொல்லப்பட்டது, 'நீ பிசினஸைப் பாரப்பா.'

பிசினஸ் எப்படிப் போயிற்று? பஹாமாவில் ஆண்ட்ரோஸ் என்றொரு தீவு. அங்கே நார்க்கற்றாழை போட்டால் கோடி கோடியாகக் கொட்டும் என்று அப்பாவுக்கு யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். இளைஞர் நெவில் 1890களில் அங்கே போய்ப் பல வருஷம் வெயிலில் வெந்தார். ஐம்பதாயிரம் பவுன் காலி. கற்றாழை வளரவில்லை. (கற்றாழையே வளராத நிலத்தைத் தேடிப் பிடிப்பதும் ஒரு சாதனைதான் சார்!) ஊர் திரும்பிய பிறகு, கப்பலில் படுத்துக்கொள்ளும் உலோகக் கட்டில் செய்கிற கம்பெனி ஒன்றை எடுத்து நடத்தினார். அது நன்றாகவே ஓடியது. இந்தக் கட்டிலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கிளைமாக்ஸில் தேவைப்படும்.

அப்புறம் பர்மிங்ஹாம் மேயர், சுகாதார மந்திரி, நிதி மந்திரி என்று படிப்படியாக ஏறி, 1937 மே மாதம் 68 வயதில் பிரதமரானார். அப்பாவும் அண்ணனும் தொடாத சிகரம். ஒரு விருந்தில் தம்பி ஐரோப்பாவைப் பற்றி ஏதோ பேச, 'நெவில், உனக்கு வெளிநாட்டு விவகாரம் ஒன்றும் தெரியாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்' என்று ஆஸ்டின் எல்லார் முன்னாலும் சொன்னாராம். தம்பி பிரதமராவதற்குச் சில வாரங்கள் முன்பு அண்ணன் காலமானார். தட்டிக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

எதிர்த் தரப்பில் ஹிட்லர். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டு, அடுத்து செக்கோஸ்லோவாகியாவின் சூடட்டன்லாந்தைக் காட்டி 'அங்கே முப்பது லட்சம் ஜெர்மானியர்கள் கஷ்டப்படுகிறார்கள், கொடு' என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் பிரபுக்கள் அவரை எந்த அளவுக்குப் புரிந்துவைத்திருந்தார்கள்? முந்தைய நவம்பரில் ஹாலிஃபாக்ஸ் பிரபு ஹிட்லரைப் பார்க்கப் போனார். கார் நின்றது. ஜன்னல் வழியே கறுப்பு பேன்ட், பட்டு சாக்ஸ் போட்ட இரண்டு கால்கள் தெரிந்தன. கதவு திறக்க வந்த வேலையாள் என்று நினைத்துத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுக்கப் போய்விட்டார். 'ஐயா, அவர்தான் ஃபியூரர்' என்று பக்கத்திலிருந்தவர் பதறிப்போய்க் கிசுகிசுத்திருக்கிறார். கோட்டு மட்டும் கைமாறியிருந்தால் இரண்டாம் உலகப் போர் அன்றைக்கே, அந்த வாசலிலேயே ஆரம்பித்திருக்கும்.

சேம்பர்லினிடம் ஒரு திட்டம் இருந்தது. நேரே போய்ப் பேசிவிடுவது! இன்றைக்குத் தலைவர்கள் மாமியார் வீட்டுக்குப் போவதுபோல் உச்சி மாநாட்டுக்குப் பறக்கிறார்கள். அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத துணிச்சல். 69 வயது, உருப்படியான முதல் விமானப் பயணம், கையில் குடை. செப்டம்பர் 15 ஒரு தடவை, 22 ஒரு தடவை, 29 ஒரு தடவை. மூன்றும் வியாழக்கிழமை. குருவார விரதம்கூட இவ்வளவு சிரத்தையாக யாரும் இருந்ததில்லை.

முதல் வியாழன், பெர்க்டஸ்காடன். மலைமேல் இருந்த ஹிட்லர் வீட்டில் சந்திப்பு. திரும்பி வந்ததும் தங்கைக்குக் கடிதம் எழுதினார் (அவருக்கு இரண்டு சகோதரிகள், வாராவாரம் எல்லா ராஜாங்க ரகசியமும் அங்கே போய்விடும்). ஆள் பார்க்க ஒன்றுமே இல்லை, வெள்ளையடிக்க வந்தவர் மாதிரி இருக்கிறார் என்று ஒரு நக்கல். அதே கடிதத்தில், வாக்குக் கொடுத்தால் நம்பலாம் என்று தோன்றியதாகவும் ஒரு வரி. தோற்றத்தை எடைபோட்டதில் பிசகில்லை. வாக்கை எடைபோடும்போதுதான் தராசு கற்றாழைத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

இரண்டாவது வியாழன், ரைன் நதிக்கரையில் கோடஸ்பெர்க். 'நீங்கள் கேட்டதையெல்லாம் கொடுக்க என் மந்திரிகளும் சம்மதம், பிரான்ஸும் சம்மதம், செக்குகளையும் சம்மதிக்க வைத்துவிட்டேன்' என்று பெருமையாக விரித்துவைத்தார். ஹிட்லர் சாவகாசமாக, 'மன்னிக்கணும், இனிமேல் அது போதாது' என்று புது லிஸ்டை நீட்டினார். வரதட்சணை பேசி முடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் காருக்குத் தாவுவார்களே, அந்த டெக்னிக்.

லண்டன் நடுங்க ஆரம்பித்தது. பூங்காக்களில் பதுங்கு குழி தோண்டினார்கள். லட்சக்கணக்கில் விஷவாயு முகமூடிகளை விநியோகித்தார்கள். 27ஆம் தேதி இரவு சேம்பர்லின் ரேடியோவில் வந்து, எங்கோ தூர தேசத்தில், நமக்கு ஒன்றும் தெரியாத மனிதர்களுக்குள் நடக்கும் சண்டைக்காக நாம் குழி தோண்ட வேண்டியிருக்கிறதே என்று அங்கலாய்த்தார். ஒன்றும் தெரியாது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டாயிற்றா? அடுத்து அந்த மனிதர்களின் நிலத்தைப் பங்குபோடக் கிளம்ப வேண்டியதுதான்.

மறுநாள் பார்லிமென்டில் அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு காகிதம் கைக்கு வருகிறது. மியூனிக்குக்கு வரச் சொல்லி ஹிட்லரின் அழைப்பு! சினிமாவில் தூக்குமேடைக்குக் கடைசி நிமிஷத்தில் ஓடிவரும் கான்ஸ்டபிள் மாதிரி. அவை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. மேலே கேலரியில் செக்கோஸ்லோவாகியத் தூதர் யான் மசாரிக் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பில் அவர் தேசத்தின் பெயர் மட்டும் இல்லை.

மூன்றாவது வியாழன், மியூனிக். ஹிட்லர், முசோலினி, பிரெஞ்சுப் பிரதமர் தலாதியே, சேம்பர்லின். முசோலினி கம்பீரமாகப் பையிலிருந்து ஒரு சமரசத் திட்டத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஆஹா, எவ்வளவு நடுநிலை என்று எல்லோரும் அதன்மேல் பேச ஆரம்பித்தார்கள். அதை எழுதியதே ஜெர்மனியில்தான்! கோயரிங் கோஷ்டி தயாரித்து ரோமுக்கு அனுப்பி, அவர் திரும்ப எடுத்துவந்திருந்தார். வினாத்தாளை எழுதியவரே விடைத்தாளையும் எழுதி, பக்கத்து பெஞ்ச் பையன் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்ன கதை.

நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் எங்கே? இரண்டு செக் அதிகாரிகள் ஊருக்கு வந்திருந்தார்கள். அவர்களை ஹோட்டல் அறையில் காவலோடு உட்காரவைத்திருந்தார்கள். விடிவதற்கு முன் நால்வரும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு கூப்பிட்டு, இதோ உங்கள் தேசத்தின் புது வரைபடம் என்று கொடுத்தார்கள். அவர்கள் உடைந்துபோய்க் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது சேம்பர்லின் வாயை மூடாமல் கொட்டாவி விட்டதாக அவர்களில் ஒருவரே குறித்துவைத்திருக்கிறார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கடைக்காரர் எதிரிலேயே, கொட்டாவி விட்டுக்கொண்டே உடைத்தவர் இவர்தான்.

இத்தோடு ஊர் திரும்பியிருந்தால்கூட வசவு இவ்வளவு வலுத்திருக்காது. காலையில் அவர் ஹிட்லரின் சொந்த ஃபிளாட்டுக்குப் போனார். கையில் தானே தயார் செய்த ஒரு சின்னக் காகிதம். மூன்றே பத்தி. இரண்டு தேசங்களும் இனி ஒருபோதும் ஒன்றோடொன்று போரிட விரும்பவில்லை என்பது சாராம்சம். மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல ஹிட்லர் 'யா, யா' என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். பெரியவர் ஆசைப்பட்டாரே என்று ஓர் ஆட்டோகிராப் போட்டுக்கொடுத்தேன் என்று பிற்பாடு சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. அந்த ஃபிளாட் இருக்கும் கட்டடத்தில் இப்போது போலீஸ் ஸ்டேஷன் நடக்கிறது. கொஞ்சம் லேட்.

ஹெஸ்டன் விமான நிலையத்தில் இறங்கியதும் அந்தக் காகிதத்தைக் காற்றில் ஆட்டிக் காட்டினார். அங்கிருந்து அரண்மனை. ராஜா ஆறாம் ஜார்ஜ் தன்னோடு பால்கனியில் நிற்கவைத்துக் கையசைத்தார். அடுத்து டவுனிங் தெரு. வாசலில் கூட்டம் பாட்டுப் பாடுகிறது. ஜன்னலுக்குப் போய் டிஸ்ரேலியின் வசனத்தைச் சொல்லுங்கள் என்று யாரோ ஏற்றிவிட்டார்கள். 1878இல் பெர்லின் மாநாட்டிலிருந்து திரும்பிய டிஸ்ரேலி, 'கௌரவத்தோடு கூடிய சமாதானம்' கொண்டுவந்திருப்பதாக அறிவித்துக் கைதட்டல் வாங்கியிருந்தார். 'அந்த மாதிரி வேலையெல்லாம் நான் செய்வதில்லை' என்று சேம்பர்லின் முதலில் மறுத்தாராம். நல்ல மனுஷன், அதே புத்தியில் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் வெளியே ஜனம் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கிடைக்காத ஜன்னல். யாரால் முடியும், சொல்லுங்கள்?

போனார். ஜெர்மனியிலிருந்து இரண்டாவது முறையாகக் கௌரவமான சமாதானம் வந்திருக்கிறது என்றார். இது நம் காலத்துக்கான சமாதானம் என்று நம்புகிறேன் என்றார். கடைசியாக, எல்லோரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்றார். கட்டில் வியாபாரி கடைசிவரை தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஏற்கனவே ரூஸ்வெல்ட் அமெரிக்காவிலிருந்து இரண்டே வார்த்தையில் தந்தி அடித்திருந்தார்: நல்ல மனுஷர். பூங்கொத்தும் குடையும் தூண்டிலும் வந்து குவிந்தன; அவர் மீன்பிடிப் பிரியர் என்று ஊருக்கே தெரியும். பாரிஸில் ஒரு பத்திரிகை, அவருக்கு ஆற்றங்கரையில் வீடு வாங்கித்தர வசூலில் இறங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் குடைக்கே 'சேம்பர்லின்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். முதல் உலகப் போர்ப் புகழ் ஜெர்மன் கைசர், பதவி போய் ஹாலந்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்தவர், ராஜாவின் அம்மாவுக்குக் கடிதம் எழுதி இந்தச் சமாதானத்துக்காக மகிழ்ந்தார். அனுபவஸ்தர் கொடுத்த சர்டிபிகேட்!

பாரிஸில் தரையிறங்கப்போன தலாதியே கீழே கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பயந்தார். இறங்கினால் மாலை மரியாதை. 'அட முட்டாள்களா' என்று முணுமுணுத்தாராம். மியூனிக் போய்த் திரும்பியவர்களில் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்று தெரிந்த ஒரே ஆள்.

இல்லை, இன்னொருவர் இருந்தார். ஹிட்லர். அவர் கடுப்பில் இருந்தார். சண்டை போட்டு பிராகுக்குள் நுழையலாம் என்று நினைத்தால், இந்தக் கிழவர் குடையோடு வந்து கேட்டதையெல்லாம் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டாரே! இந்த நேரத்தில் போலந்து வேறு பந்தியில் புகுந்து, செக்கோஸ்லோவாகியாவின் டெஷன் பகுதியைத் தனக்கென்று கிள்ளிக்கொண்டது. அடுத்த பந்தியில் தானே இலையில் விழப்போகிறோம் என்று அதற்குத் தெரியாது.

நோபல் கமிட்டிக்கும் காய்ச்சல் வந்தது. 1939 ஜனவரியில் ஸ்வீடன் எம்.பி.க்கள் பன்னிரண்டு பேர் சேம்பர்லினுக்கு அமைதிப் பரிசு கேட்டார்கள். எரிச்சலான எரிக் பிராண்ட் என்ற இன்னொரு எம்.பி., 'அப்படியானால் ஹிட்லருக்கே கொடுத்துவிடுங்களேன்' என்று கிண்டலாக ஒரு பரிந்துரை அனுப்பினார். கிண்டல் யாருக்கும் புரியவில்லை. ஒரே ரகளை. சில நாளில் வாபஸ் வாங்கினார். நையாண்டிப் பதிவைச் சீரியஸாக எடுத்துக்கொண்டு கமென்ட்டில் கொந்தளிக்கும் ஜனம் ஃபேஸ்புக்குக்கு முன்பே உண்டு. அந்த வருஷம் அமைதிப் பரிசு யாருக்கும் இல்லை. நோபல் வரலாற்றின் மிகச் சரியான தீர்ப்புகளில் ஒன்று.

மார்ச் 15 அன்று ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 3 அன்று அதே சேம்பர்லின் அதே ரேடியோவில் போரை அறிவித்தார். ஜன்னல் சமாதானத்தின் ஆயுள் 338 நாள். அதே நாளில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். இந்தியர் ஒருவரையும் கேட்கவில்லை. காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. அக்டோபரில் சென்னையில் ராஜாஜியும் மூட்டை கட்டினார். செக்குகள் தெரியாத தூர தேசத்தார் என்றால், சொந்த சாம்ராஜ்யத்தில் இருந்த நாமும் அதே ஹோட்டல் அறையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

சேம்பர்லினுக்கு வக்கீல்களும் உண்டு. அந்த ஒரு வருஷத்தில்தான் பிரிட்டன் ரேடார் கட்டியது, ஸ்பிட்ஃபயர் விமானம் சேர்த்தது, தப்பித்தது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஹிட்லரும் அந்த வருஷம் தூங்கவில்லையே. செக்குகளின் டாங்கிகளையும் பிரமாதமான ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலையையும் இலவச இணைப்பாக வாங்கிக்கொண்டாரே. ஜன்னலில் சொன்னதைக் கேட்டுத் தூங்கியவர்கள் லண்டன்வாசிகள் மட்டும்தான்.

பாவம், அவருக்கே அது உறுத்தியது. ஒரு வாரத்துக்குள் பார்லிமென்டில், களைத்துப்போன ஒரு நாளின் உணர்ச்சியில் சொன்ன வார்த்தைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நடுராத்திரி போட்ட ட்வீட்டை காலையில் டெலிட் செய்வதுபோல. ஸ்கிரீன்ஷாட் அதற்குள் உலகம் பூராவும் போய்விட்டிருந்தது. 1940 நவம்பரில் புற்றுநோயில் இறந்தார். அவரை விடாமல் எதிர்த்த சர்ச்சில்தான் பார்லிமென்டில் மிக அழகான அஞ்சலியைச் செலுத்தினார்.

வாக்கியம் மட்டும் சாகவில்லை. அது இன்றைக்கும் இரண்டு விதமாக ஆளைக் கெடுக்கிறது. ஒன்று, யாராவது பேச்சுவார்த்தை என்று வாயெடுத்தாலே 'சேம்பர்லின்!' என்று முத்திரை குத்துவது. ஒபாமா 2013 பதவியேற்பு உரையில் தெரியாத்தனமாக அந்த நாலு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு, எதிராளிகள் வாயில் அவல் போட்டார். இரண்டு, சேம்பர்லின் ஆகிவிடுவோமோ என்ற பயத்திலேயே சண்டைக்குப் போவது. ஆன்டனி ஈடன், சேம்பர்லினோடு ஒத்துப்போகாமல் 1938இல் மந்திரி பதவியைத் துறந்த வீரர். 1956இல் பிரதமராக இருந்தபோது எகிப்து அதிபர் நாசரிடம் ஹிட்லரைக் கண்டார். சூயஸ் கால்வாய்க்குப் படையை அனுப்பினார். அவமானப்பட்டுத் திரும்பி, சில வாரங்களில் பதவியும் போயிற்று. மியூனிக்கிலிருந்து பாடம் படித்தவருக்கும் மார்க் வரவில்லை.

அப்படியானால் சமாதானம் பேசுவதே தப்பா? இல்லவே இல்லை. குழந்தை முகத்தில் விஷவாயு முகமூடியை மாட்டிப் பார்த்த அம்மாக்கள் நின்ற கூட்டம் அது. நாம் அங்கே இருந்திருந்தால் நாமும்தான் தொண்டை கிழியக் கத்தியிருப்போம். தப்பு, தேங்காய் யாருடையது என்பதில். டிஸ்ரேலி கௌரவமாகக் கொண்டுவந்த சமாதானத்தில் போஸ்னியா ஆஸ்திரியாவின் கைக்குப் போனது. போஸ்னியர்களை யாரும் கேட்கவில்லை. 1914இல் அங்கேதான், சரயேவோவில், உலகம் பற்றிக்கொண்டது. 1973 ஜனவரியில் நிக்சன் வியட்நாமுக்கு அதே 'கௌரவத்தோடு கூடிய சமாதானம்' லேபிளை ஒட்டினார். பேரத்தைப் பேசி முடித்தது வாஷிங்டனும் ஹனோயும். சைகோன் கடைசியில் வேண்டாவெறுப்பாகக் கையெழுத்துப் போட்டது. 1975 ஏப்ரலில் சைகோனே இல்லை.

ஆகவே, அடுத்த முறை ஒரு தலைவர் ஜன்னலுக்கு வந்து காகிதத்தை ஆட்டிக் காட்டினால், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்காதீர்கள். அதில் நல்ல நல்ல வார்த்தைகள்தான் இருக்கும். தேங்காய்க்காரர் எங்கே என்று மட்டும் தேடுங்கள். பக்கத்து ஹோட்டலில் காத்திருக்கிறார் என்று பதில் வந்தால், தாராளமாகக் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள். தூங்க மட்டும் செய்யாதீர்கள்.